ரசவடை தின்ற கட்டைவிரல்

கொட்டாரத்து வங்கிக் கிளையைத் திறந்து வெகுநேரமாகியும் உள்ளே ஒரு ஈ காக்கை நுழையவில்லை. மேலாளர் கோலப்பன் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

செலவைக் குறைக்கிறோம் என்று தலைமை அலுவலகம் ஆள் வராத கிளைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. செலவுக் குறைப்புப் பிரிவின் அதிகாரி சிவபிரசாத் இன்று இங்கே வருவதாக ஏற்பாடு. கிளையை மூடினால் கோலப்பனுக்கு வடக்கே எங்கோ மாற்றல். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவி பிந்துவை அப்புறம் யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள்?

இத்தனைக்கும் கூட்டத்தைக் கரைத்ததே அவர்தான். கவுண்டரில் ஆள் நின்றால் வங்கிக்கு நஷ்டம் என்று மேலிடம் சொன்னதும், வந்தவர்களையெல்லாம் பக்கத்தில் உட்காரவைத்து, போனிலேயே பணம் அனுப்பப் பொறுமையாகப் படித்துக்கொடுத்தார், பாவம். படித்தவர்கள் பிறகு எதற்கு வருவார்கள்?

காசாளர் ரெனிஷாவிடம், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடச் சொன்னார்.

"சும்மா கூப்பிட்டா யாரு சார் வருவாவ?"

"ரசவடை உண்டுன்னு சொல்லு மக்கா. வருவாவ."

வந்தார்கள். வயல்காரர்கள், கடைக்காரர்கள், கடற்கரையிலிருந்து சிலுவைமுத்து வரைக்கும். ரசம் சொட்டச் சொட்ட ஆளுக்கொரு வடை. தின்ற கையோடு கவுண்டருக்குப் போனபோதுதான் வினை. பாஸ்புக்கில் வரவு பதிவதென்றாலும் கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தாக வேண்டும், புதுச் சட்டம். எண்ணெயும் ரசமும் ஊறிய விரலை அது ஒத்துக்கொள்ளவில்லை.

"வடையும் தந்துட்டு, நான் நானில்லங்கியளே சாறே?" என்றார் சிலுவைமுத்து.

கோலப்பன் சோப்பைக் கொடுத்துக் கை கழுவச் சொன்னார். ஈரக்கை பட்டு இயந்திரம் இன்னும் முறுக்கிக்கொண்டது. ஒரே கிளையில் இத்தனை பேர் அடுத்தவர் கணக்கில் கைவைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் தானாக முடிவுகட்டி, அத்தனை கணக்கையும் பூட்டிவிட்டது. போனிலும் பணம் போகவில்லை. பூட்டைத் திறக்காமல் நகர மாட்டோம் என்று சனம் தரையில் உட்கார்ந்துகொண்டது. சேதி கேள்விப்பட்டு மற்றவர்களும் ஓடிவந்தார்கள்.

அந்த நெரிசலுக்குள்தான் சிவபிரசாத் நுழைந்தார். வீடியோ கூட்டங்களில் பார்த்துப் பயந்த அதே முகம். நேராகப் போய் மூலை பெஞ்சில் உட்கார்ந்தார்.

கோலப்பன் ஒரு வடையை நீட்டினார். "சார், பாத்தியள்லா, எவ்வளவு ஆளு வருதுன்னு. இந்தக் கிளைய மூடிராதிங்க. வீட்டுல சொகமில்லாத ஆளு கெடக்கு."

சிவபிரசாத் வடையைப் பிட்டு, மெதுவாக மென்று விழுங்கினார்.

"செலவு சாஸ்தின்னு கம்ப்யூட்டர் நேத்து எங்க பிரிவையே மூடிட்டுது சார், இங்க எனக்கு ஏதாவது வேலை கெடைக்குமான்னு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்."