உறைக்குள் போகாத வாள்

உலகில் பொய் பேசவே தெரியாத பொருள் வாள் ஒன்றுதான். அதையும் பொய் பேசவைக்கும் வல்லமை எங்கள் அருங்காட்சியகத்தின் ‘வாள் மெய்யறியும் உயர்நிலைக் குழு’வுக்கு உண்டு. அடியேன் அதன் செயலாளர்.

ராணுவ அதிகாரிகளின் பழைய வாள்களுக்குத் தனி அரங்கு திறக்க முடிவானது. முதல் வாளைக் குழுத் தலைவரே கொண்டுவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா தளபதியாம். எங்கள் நிபுணர் அதை உறையில் செருகிப் பார்த்தார். பாதியில் நின்றது.

“உள்ள போக மாட்டேங்குதுங்க ஐயா.”

“வீரனோட வாள் எதுக்குய்யா உள்ள போகணும்?”

குழு கைதட்டியது. வாள் வெறும் தகரம், வேலைப்பாடு செதுக்கியதல்ல, அச்சடித்தது என்று நிபுணர் முனகினார். முனகல் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’.

மறுவாரம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் போர்வையில் சுற்றி ஒரு வாள் கொண்டுவந்தார்.

“எங்க தாத்தா கேப்டனா இருந்தாரு. சண்டையிலயே போயிட்டாரு. அசல்தானான்னு பார்த்துச் சொல்லுங்க. அவர் பேர் போட்டு இங்கயே வச்சிடலாம். எனக்கப்புறம் வீட்ல யாருமில்ல.”

நிபுணர் விரலால் தடவினார். தேய்ந்த செதுக்கலில் நகம் இடறியது. பிடியின் தோல் ஒரே கைக்குப் பழகித் தேய்ந்திருந்தது. விளிம்பில் வெட்டு வாங்கிய பள்ளங்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

“சந்தேகமே இல்லம்மா. அசல்.”

‘மேலாய்வுக்காக’ வாளை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தோம். குழு அவசரமாகக் கூடியது. இருப்பது ஒரே அசல் வாள், ஒரே தலைவர். இரண்டையும் சேர்த்துவைப்பதுதானே நிர்வாகம்? செதுக்கியிருந்த பெயரின் முதலெழுத்துகள்தாம் இடித்தன. தலைவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு அதே எழுத்துகளில் ஒரு செல்லப்பெயர் இருந்தது அன்று மாலையே தெரியவந்தது! நிபுணருக்குப் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, கையெழுத்திட்டார். மற்றவர்கள் வாளாவிருந்தோம். வாள் குழு வேறெப்படி இருக்கும்?

திறப்பு விழாவுக்கு நர்ஸம்மா இஸ்திரி போட்ட புடவையில் வந்தார். கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்தார்.

“தம்பி, இது எங்க தாத்தா வாளாச்சே?”

“உங்களுது பத்திரமா இருக்கும்மா” என்று தகர வாளை இரு கைகளாலும் பணிவோடு நீட்டினேன். “குழு முடிவு பண்ணிடுச்சு.”

அவர் அதைத் தொடவில்லை.

“அவரைக் கொன்னது எதிரிங்கதான் தம்பி. ஆனா வாளை அவங்க எடுத்துக்கல. அவர் பேரை எழுதிக் கட்டி, சல்யூட் அடிச்சு, எங்க வீட்டுக்கே அனுப்பி வச்சாங்க.”