சின்னவனுக்கு வைத்த பொட்டு

உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் எந்த மனிதரையும் மூன்றே கேள்விகளில் அளந்து முடித்துவிடலாம் என்று நம்புகிற ஒரே ஆள் எங்கள் பிஸ்டல் அண்ணைதான். கடவுளே நேரில் தோன்றி, ‘பக்தா, என்ன வரம் வேண்டும்?’ என்று கேட்டாலும், ‘அது பேந்து பாப்பம், முதல் நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும்’ என்று அவரையே நிறுத்தி வைத்து விசாரிப்பார்.

கேள்விகள் இவைதான். குறி தப்பாதா? வேண்டிய நேரத்தில் கைகொடுக்குமா? இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தால் தன்பாட்டில் வெடிக்காதா?

கைத்துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள்தான், தப்பில்லை. அவருடைய தொழிலே அதுதான். கனடாவின் மொன்றியல் நகரத்தில் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு கொண்டுபோகிற இரும்பு வண்டி ஒன்றில் அவர் காவலர். நான் சாரதி. மூன்றாவது ஆள் மரீஸ் என்கிற ஹெயிட்டிக்காரி. காசுப் பையோடு இறங்கி நடக்கிறவள் அவள்தான். அவளுக்கும் அண்ணைக்கும் இடுப்பில் துப்பாக்கி உண்டு. காலையில் டெப்போவில் வாங்கிக் கட்டிக்கொண்டு, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் இந்தக் கேள்விகள் துப்பாக்கியோடு நின்றுவிட்டால் அவர் பிஸ்டல் அண்ணை இல்லையே! செயின்ட்-மிஷேலில் எங்கள் கூட்டாளி ஒருவன் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டான்.

“பொடியன் என்ஜினியராம், அண்ணை.”

“படிப்பைத் தூக்கி அங்கால வை. சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பானோ?”

“போன கிழமை பொம்பிளை பாக்க வரச் சொன்னனாங்கள். பிந்தித்தான் வந்தவன்.”

“கோவம் வருமோ?”

“தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டு கொஞ்சம் கத்தினவன்தான்.”

“விடு, விடு. தன்பாட்டில வெடிக்கிற சாமானை வீட்டுக்குள்ள வைக்கேலாது!”

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. அந்த என்ஜினியர் இன்றைக்கும் காரணம் தெரியாமல் திரிகிறார். இன்னொரு முறை புவாண்ட்-கிளேரில் பனி அள்ளுகிற சவள் ஒன்று வாங்கப் போனோம். கடை நடுவில் நின்று, இல்லாத பனியை ஒவ்வொரு சவளாலும் அள்ளி அள்ளி எறிந்து பார்த்தார். கடைக்காரப் பெண் ‘பொன்ஜூர்’ சொல்ல வந்தவள், எறிகிற பக்கத்தைப் பார்த்து விலகி நடந்தாள்.

இவ்வளவும் பேசுகிற மனிதர் வீட்டில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கிகூட வைத்திருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு ஓடி வந்தவர். “பேந்தேன் அண்ணை இந்த வேலை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊரில துவக்குத்தான் எங்களைத் தேடி வந்தது. இஞ்ச நான் காலமை அதைத் தேடிப் போய் எடுக்கிறன், பின்னேரம் கொண்டுபோய்க் குடுக்கிறன். உறையை விட்டு எடுக்காமல் வீட்டை போனால் அது நல்ல நாள். எனக்கு இண்டைவரைக்கும் எல்லாம் நல்ல நாள்தான்” என்றார்.

போன வருடம் கம்பனி பழைய நீளக் கைத்துப்பாக்கிகளை மாற்ற முடிவு செய்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது அவை கதவில் கொளுவுகின்றன, இருக்கைப் பட்டியில் சிக்குகின்றன என்று எல்லோரும் முறைப்பாடு. கையடக்கமான இரண்டு வகை பரீட்சைக்கு வந்தன. இரண்டையும் சுட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல அண்ணையையும் மரீஸையும் தெரிந்தெடுத்தார்கள். அண்ணைக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

முதல் வேலையாக இரண்டுக்கும் பெயர் வைத்தார். கொஞ்சம் பருத்த பிடியும் நீண்ட குழலும் உள்ளது பெரியவன். மற்றது சின்னவன். பனிக்காலத்தில் இவர்கள் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றார். அப்போது புரட்டாதி மாதம், பனிக்கு எங்கே போவது? டெப்போவின் துப்பாக்கிப் பயிற்சியாளரைக் கெஞ்சிக் கூத்தாடி, சாப்பாட்டு அறையில் இருந்த குளிர்பெட்டிக்குள் இரண்டையும் குண்டு இல்லாமல் வெறுமையாக வைத்துவிட்டு, வாசலில் ஐயனார்போலக் காவல் நின்றார். மத்தியானம் ஒருவரையும் கிட்ட விடவில்லை. டெப்போ முழுவதும் பட்டினி. வெளியே எடுத்துச் சுட்டபோது இரண்டும் குறைசொல்ல முடியாமல் வேலை செய்தன. பக்கத்தில் இருந்த அண்ணையின் மத்தியானப் புட்டுத்தான் கல்லாகிப் போயிருந்தது.

குறியில்தான் வில்லங்கம் வந்தது. அண்ணையின் கை பலாப்பழம் பிளக்கிற கை. பெரியவன் அந்தக் கைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தான். அண்ணை சுட்ட சன்னங்கள் எல்லாம் இலக்கில் ஒரு வடை அளவுக்குள் அடங்கின. சின்னவனைப் பிடித்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சன்னங்கள் தோசைக்குள்ளும் அடங்கவில்லை. மரீஸுக்கு நேர் எதிர். பெரியவனைப் பிடித்தால் அவளுடைய விரல் விசைக்கு எட்டாது, எட்டி இழுத்தால் குழல் திரும்பிவிடும். சின்னவனில் அவள் சுட்டதைப் பார்த்துப் பயிற்சியாளரே கை தட்டினார்.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. எது தெரிவாகிறதோ அதில்தான் எல்லோரும் வருடாந்தச் சோதனை சுடவேண்டும். தவறினால் வண்டியில் இடமில்லை, உள்ளே வேலை. உள்ளே வேலை என்றால் மரீஸுக்கு இரவாகிவிடும். மகளைக் கார்டெறி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இருந்து கூட்டிப்போக அவளுக்கு வேறு ஆளில்லை. அண்ணைக்கோ தெருதான் உயிர். “நாலு சுவருக்குள்ள இருத்தினால் நான் செத்துப்போவன் பாரும்” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு பேருடைய பிழைப்பும் இரண்டு பிஸ்டலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பரீட்சை நாள் ஆயுதபூசை நாளாக வந்து வாய்த்தது. அண்ணை விடியவே கோயிலுக்குப் போய்ச் சந்தனத்தோடு வந்தார். வண்டிக்குப் பொட்டு, என் ஸ்டியரிங்குக்குப் பொட்டு. மரீஸ் தானாகவே நெற்றியைக் காட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். சுடுகிற இடத்தில் பெரியவனும் சின்னவனும் சன்னம் இல்லாமல், வாய் திறந்தபடி மேசையில் கிடந்தார்கள். பயிற்சியாளர் கோப்பி எடுக்கப் போனார்.

“அண்ணை, வேண்டாம்” என்றேன்.

“ஆயுதபூசையண்டு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் உம்மட ஸ்டியரிங்குக்கு மட்டும் வைச்சால் சரியோ?”

“ஒண்டுக்கு மட்டும் வையுங்கோவன்.”

“ஓரவஞ்சனை கூடாது!”

துப்பாக்கிக்கு நெற்றி எது என்பதில் அவருக்குக் கொஞ்சம் யோசனை. பெரியவனுக்குப் பின்பக்கம் நல்ல அகலம், அங்கே வைத்தார். சின்னவனில் இடமில்லை. வெடித்த சன்னத்தின் வெற்றுக் கோது வெளியே பாய்கிற வாய்க்குப் பக்கத்தில் தாராளமாக அப்பினார். அப்பியதில் பாதி உள்ளே போனதை நான் கண்டேன். துடைக்கச் சொல்ல வாய் திறப்பதற்குள் பயிற்சியாளர் வந்துவிட்டார்.

அண்ணையின் கையில் பெரியவன் முழுதாகச் சுட்டு முடித்தான். மரீஸின் கையில் சின்னவன் இரண்டு வெடி வெடித்தான். மூன்றாவதில் கோது வாயில் கடித்தபடி நின்றுவிட்டது. தட்டி எடுத்துச் சுட்டால் மறுபடி நின்றது. மரீஸின் முகம் விழுந்து போயிற்று. பயிற்சியாளர் தலையை ஆட்டினார். “நடுத்தெருவில் இப்படி நின்றால் ஆளையல்லவா கொன்றுவிடும்? இதை நம்ப முடியாது. பெரியதையே எடுப்போம்” என்று பிரெஞ்சில் சொன்னார்.

நான் அண்ணையின் முழங்கையில் இடித்தேன். “பேசாமல் நில்லுங்கோ, உங்கட அலுவல் சரி” என்று காதுக்குள் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மரீஸைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

“ம்ஸியூ, செ மா ஃபோத்” என்றார். பிழை தன்னுடையது என்பதைச் சொல்லும் அளவுக்கு அவருடைய பிரெஞ்சு போதுமானதாக இருந்தது. சந்தனத்தை விளக்கத்தான் போதவில்லை. மரம் என்றார், தண்ணீர் என்றார், கோயில் என்றார், தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், மரீஸின் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பயிற்சியாளர் சின்னவனைக் கழற்றி உள்ளே இருந்த மஞ்சள் களியை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கத்தினார் பாருங்கள் ஒரு கத்து! அனுமதியில்லாமல் துப்பாக்கியைத் தொட்டதற்கு அண்ணையின் பரம்பரையையே பிரெஞ்சில் கழுவி ஊற்றினார். அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கினார்.

துடைத்த பிறகு சின்னவன் ஒருமுறைகூட நிற்கவில்லை. கோபம் அடங்கிய பயிற்சியாளர், “சரி, உன் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார்.

“சின்னது” என்றார் அண்ணை.

வெளியே வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்கென்ன விசரோ? அந்தச் சனியனில உங்களால ஒரு வெடி ஒழுங்கா வைக்கேலாது. என்னத்துக்கு இந்த வேலை பாத்தனியள்?”

“பையோட றோட்டில நடந்து போறது ஆர்? மரீஸ். அவளின்ர விரல் எட்டாத துவக்கை அவளின்ர இடுப்பில கட்டிவிட்டுட்டு, நான் பின்னால நிண்டு வடிவாச் சுட்டு என்ன பிரயோசனம்?” என்றார். பிறகு, “அந்தாள் பேசினதில பாதி எனக்கு விளங்கேல்லை, நல்ல காலம்” என்று சொல்லிச் சிரித்தார்.

சின்னவனே தெரிவானான். மரீஸ் சோதனையில் அமோகமாகத் தேறினாள். அண்ணை தவறினார். மறுவாய்ப்புக் கொடுத்தார்கள், அதிலும் தவறினார். அன்று சீருடைப் பட்டியைக் கழற்றிச் சுருட்டி மேசையில் வைத்தார். எனக்குத் தாங்க முடியவில்லை.

இப்போது டெப்போவில் காலையில் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் இருக்கிறார். செத்துப்போகவில்லை. கொஞ்சம் கொழுத்திருக்கிறார். மாசியில் நாங்கள் விறைத்துப்போய் வந்தால், சூடான தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி வெறுப்பேற்றுகிறார். மரீஸின் சின்னவனைத் தானே துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பார். அவள் ‘மெர்ஸி’ என்று சொல்லி, யன்னலுக்குள்ளால் கையை விட்டு அவருடைய கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள்.

எனக்குத் துப்பாக்கி கிடையாது, அந்த யன்னலில் எனக்கொரு அலுவலும் இல்லை. இருந்தாலும் நானும் தினமும் வரிசையில் நிற்கிறேன். என் முறை வந்ததும், “இண்டைக்கு எந்தப் பக்கத்தால போறியள்?” என்று கேட்பார். செயின்ட்-மிஷேலில் தொடங்கி, அஹுன்ட்சிக்கில் எந்த மூலையில் றோட்டுக் கிண்டி வைத்திருக்கிறார்கள், எந்த லைட்டில் நிற்கவேண்டி வரும், எங்கே மரங்கள் துளிர்த்திருக்கின்றன என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பின்னால் நிற்பவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போடுவார்கள். போடட்டும். ஒரு தெருவையும் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் நான் வண்டிக்குப் போவேன்.