மூணாவது பங்கு

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

ஓய்வு பெற்ற லாரி டிரைவரான உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். உன் வீட்டு மாடி ஒழுகலும், அதை முன்னிட்டு மேல்வீட்டுக்காரரோடு நீ நடத்திவரும் போரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவல். "இனிமே தண்ணிக்குள்ள கால் வச்சா என் வாசல்ல கால் வைக்காதே" என்ற உன் உத்தரவு வந்து சேர்ந்தது. அதைத் தலைமேல் ஏற்று, முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் வேலையை அடியோடு விட்டுவிட்டேன் என்பதை முதல் காரியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் உன்னிடம் போனில் கோள்மூட்டிய என் வீட்டுக்காரி பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அக்கா, ஆரம்பிச்சு வச்சதே நீதான். அப்பா இன்ஜின் பார்த்த ஃபெர்ரிக் கப்பலை, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கழுவி, மீன் குடியிருக்கட்டும்னு கடலுக்குள்ள இறக்கிட்டாங்கன்னு போன்ல சொன்னே, சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினே. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு அந்த மேல்தட்டு பெஞ்சு ஞாபகம்தான். லீவு நாள்ல அப்பாவோட போவோமே, பெஞ்சோட ஓரத்துல ஒரு வட்ட ஜன்னல் இருக்குமே, அது வழியா எட்டிப் பாத்தா கீழே இன்ஜின் ரூம்ல அப்பா தெரிவாரே. தெரிவாராம்! எனக்கு எங்கே தெரிஞ்சுது? மூத்தவங்கற ஒரே தகுதியில அந்த ஓரத்தை நீ பட்டா போட்டு வச்சிருந்தே. "அப்பா எண்ணெய் ஊத்தறார், அப்பா கை துடைக்கிறார், இப்ப என்னைப் பாத்து சிரிச்சார்"னு நீ சொல்லச் சொல்ல நான் உன் ஜடையைப் பாத்துக்கிட்டே கரை சேர்ந்தவன். ஒரே ஒரு தடவை அந்த ஜன்னல் வழியா நானும் பாக்கணும் அக்கா. அவ்வளவுதான் என் ஆசை, இதுக்குப் போயி எனக்குப் பைத்தியம்னு குடும்பம் பூரா சொல்லிட்டீங்க.

சரின்னு டைவிங் வகுப்புல சேந்தேன். சொல்லிக்குடுக்கிற டீச்சருக்கு உன் கடைசிப் பொண்ணு வயசு, என்னை அங்கிள்னுதான் கூப்பிடும், ஆனா முறைச்சா நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னுடுவேன். எனக்கு ஜோடியா ஒரு பல் டாக்டர். கடலுக்குள்ள யாரும் தனியா போகக்கூடாதாம். அந்த மனுஷன் தூங்கற குழந்தை மாதிரி மூச்சு விடுவார், காத்து செலவே ஆகாது. நான்? ஏத்தத்துல லோடு வண்டி டீசல் குடிக்குமே, அந்தக் கணக்கு. ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சுக்கும் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு காத்து இழுக்குமாம். அதனால காத்தை மூணு பங்காப் பிரிக்கணும்னு டீச்சர் சட்டம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூணாவதைத் தொடவே கூடாது. முதல் பங்கு முடிஞ்சா எங்கே இருந்தாலும் திரும்பிடணும். இதென்ன பிரமாதம்னு நினைச்சேன். முதல் தடவை இறங்கி, பச்சைத் தண்ணிக்குள்ள நம்ம கப்பலோட புகைபோக்கி தெரிஞ்சுதா, "அதோ! அதோ!"ன்னு வாயில இருந்த காத்துக் குழாயைக் கடிச்சுக்கிட்டே கத்தினேன் பாரு, கத்தினதிலேயே என் பங்கு காலி. புகைபோக்கியைத் தொடக்கூட இல்லை, டீச்சர் காதைப் பிடிக்காத குறையா மேலே கூட்டிட்டு வந்துடுச்சு.

ரெண்டாவது தடவைதான் மானம் போச்சு. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான், டீசல் முள்ளு சிவப்புல நின்னாலும் தட்டித் தட்டி அடுத்த பங்க் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்தவன். அந்தக் கெட்ட பழக்கம் கடலுக்குள்ளயும் கூடவே வந்துடுச்சு. எவ்வளவு இருக்குன்னு டீச்சர் சைகையில கேட்டா, நிறைய இருக்குன்னு கையை ஆட்டிட்டு, காத்து மீட்டர் முள்ளை ரெண்டு தட்டுத் தட்டிட்டு முன்னேறினேன். மேல்தட்டுக் கம்பி கண்ணுக்குத் தெரியுது, முள்ளு சிவப்பைத் தொடுது, அப்பதான் பயந்துபோய் ஒரே எம்பா மேலே எம்பினேன். டீச்சர் என் காலைப் பிடிச்சு இழுத்துடுச்சு. கரையில வச்சு அத்தனை பேர் முன்னாடியும் அர்ச்சனை. "அங்கிள், இது லாரி இல்லை. ஓரங்கட்டிட்டு, கேனைத் தூக்கிக்கிட்டு பங்க்குக்கு நடக்க முடியாது. இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்க, கப்பல் பக்கமே விடமாட்டேன்!" மேலே எம்பினது அதைவிடப் பெரிய தப்பாம். கீழே இழுத்த காத்துல கொஞ்சம் நம்ம ரத்தத்துக்குள்ள ஊறிப்போயிருக்குமாம், மெதுவா வந்தா அது சாதுவா மூச்சோட போயிடும், அவசரப்பட்டா சோடா பாட்டில் மாதிரி உடம்புக்குள்ள பொங்கிடும். அதனால தண்ணி மட்டத்துக்கு அஞ்சு மீட்டர் கீழே, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு நிமிஷம் சும்மா தொங்கணும். ஒண்ணும் செய்யாம. பேசாம. நம்ம குடும்பத்துல யாராவது மூணு நிமிஷம் சும்மா இருந்திருக்கோமா, நீயே சொல்லு!

அந்த மூணாவது பங்கு யாருக்குன்னு அன்னிக்குத்தான் டீச்சர் சொல்லுச்சு. அது நமக்கில்லையாம், கூட வர்றவனுக்காம், அவன் காத்து நின்னுபோனா குடுக்க. எனக்கு அங்கேயே அப்பா ஞாபகம்தான் அக்கா. அப்பா மத்தியானம் மேலே வந்து, பஞ்சுக் கழிவால கை துடைச்சுட்டு, பன்னைப் பிச்சு உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, மூணாவது துண்டை சட்டைப் பையில போட்டுக்குவாரே. "இருக்கட்டும், யாருக்காவது வேண்டியிருக்கும்." அவர் தின்னு நான் பாத்ததே இல்லை. அலையில வாந்தி எடுத்துட்டு அழற ஏதாவது ஒரு குழந்தைக்குத்தான் அது போகும். எண்ணெய் வாடை அடிக்குதுன்னு நாம சிரிப்போமே, ஞாபகம் இருக்கா?

மூணாவது தடவை போன ஞாயித்துக்கிழமை. கத்தலை, மெதுவா மூச்சு விட்டேன், மேல்தட்டு வரைக்கும் போயிட்டேன். பெஞ்சுல கம்பி மட்டும்தான் மிச்சம். அந்த வட்ட ஜன்னல் ரெண்டு கை தூரம், அக்கா, ரெண்டே கை தூரம்! முள்ளைப் பாத்தேன். திரும்பற கோட்டுல நிக்குது. விரல் தானாப் போய் தட்டப் பாத்துச்சு. அப்பாவோட சட்டைப் பை ஞாபகம் வந்துச்சு. திரும்பிட்டேன். திரும்பின நிமிஷம் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெரிய மீன் எட்டிப் பாக்குது, உம்முனு, எழுந்திருக்கமாட்டேன் போன்னு, சாட்சாத் உன் முகம். டாக்டர் மிரண்டு பின்வாங்கி முதுகைக் கம்பியில இடிச்சார், அவர் குழாய் பிச்சுக்கிட்டு உடைஞ்ச தண்ணிக்குழாய் மாதிரி காத்தைக் கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. டீச்சர் நீந்தி வந்து சேர்றதுக்குள்ள என் சிலிண்டர்ல உபரியாத் தொங்கற இன்னொரு குழாயை அவருக்குக் குடுத்துட்டேன். காலம் பூரா அடுத்தவன் வாயில குழாய் வச்ச மனுஷன் வாயில நான் வச்சேன்! ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல கயித்தைப் பிடிச்சு அந்த மூணு நிமிஷம் தொங்கினோம். அவர் என் தோளை விடவே இல்லை. கண்ணாடிக்குள்ள நான் அழுதது யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்றேன்.

ஆகவே அக்கா, என் தரப்பு இவ்வளவே. ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. உன் சொல்லைத் தட்டாத தம்பியாக இனிக் கரையிலேயே இருப்பேன். மருமகப்பிள்ளைகளுக்கு என் ஆசி, பேரன் பேத்திகளுக்கு முத்தம், மேல்வீட்டுக்காரருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பி.கு.: மேலே உள்ளதை உன் தம்பி பெண்டாட்டி படிச்சுப் பாத்துட்டுத்தான் ஒட்டக் குடுத்தா. இதைத் தபால் பெட்டி மேலேயே வச்சு எழுதறேன். நான் விடலை, அடுத்த மாசம் மறுபடி இறங்கறேன். புது வகுப்புல உன் பேரையும் குடுத்திருக்கேன், டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வா. ஜன்னல் ஓரம் உனக்குத்தான், நான் சண்டைக்கு வரலை. தனியா பாத்தா எனக்கு அங்கே என்ன தெரியும் அக்கா, அப்பா என்ன பண்றார்னு நீதானே எப்பவும் சொல்லுவே. மூணாவது பங்கு என்கிட்ட இருக்கு. பயப்படாம வா.