மொட்டைமாடி லாரியை உடனே உடைக்கவும்

ஊரே அண்ணாந்து பார்க்கும் அத்தான் நச்சத்தர் சிங் அவர்களுக்கு,

பிராம்ப்டனிலிருந்து கொழுந்தியாள் ரேஷம் எழுதுவது. சத் ஸ்ரீ அகால். இங்கே பனி சௌக்கியம், என் கோபம் அதைவிட சௌக்கியம். அங்கே அக்காவும் எருமைகளும் நலமா? உங்கள் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. அதுதான் வீடியோவில் பார்த்தேனே, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதை.

ஏன் அத்தான், பிள்ளையை வெளிநாடு அனுப்பியவர்கள் நம் ஊர்ப் பக்கத்தில் மாடியில் விமான வடிவில் தண்ணீர்த் தொட்டி வைப்பது வழக்கம்தான். ஊர்த் தலைவர் சர்பஞ்ச் வீட்டில் விமானம் நிற்கிறது என்பதற்காக நீங்கள் லாரித் தொட்டி கட்டினீர்கள், சரி, அதிலும் தண்ணீர் நிற்கும். ஆனால் அதன் மேல் சாய்ந்துகொண்டு, "எம் பையன் பிரீத் கனடாவுல சொந்த லாரி வச்சிருக்கான், வாரம் அறுபது மணி நேரம் ஓட்டுறான், தூக்கமே கிடையாது" என்று போனுக்கு முன்னால் முழங்கச் சொன்னது யார்? படிப்பு அனுமதியில் வந்த பிள்ளை, பாடம் நடக்கும் காலத்தில் வெளியே வாரத்துக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் சம்பள வேலை பார்க்கலாம் என்று நான் போனில் எத்தனை தடவை கத்தியிருப்பேன்? அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே அது மண்டையில் ஏறிவிட்டது, பி.ஏ. படித்த உங்களுக்கு டர்பன் குறுக்கே நிற்கிறதா?

பிரீத் வேலை பார்ப்பது எங்கள் இனிப்புக் கடையில். போன வாரம் கல்யாண ஆர்டர், எண்ணெயில் ஜிலேபி பாதி வெந்துகொண்டிருக்கிறது, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டான். "சித்தி, உங்க கால்ல விழுறேன், இந்த வாரத்து மணி முடிஞ்சுபோச்சு. மிச்சத்த நீங்களே சுத்துங்க." "ஏண்டா, கல்யாண வீட்டுக்காரன் என்னையே சுத்தி எண்ணெயில போட்ருவான்டா" என்றேன். சிரித்தானே தவிர கரண்டியைத் தொடவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு லாரியாம். கார் ஓட்டும் தேர்விலேயே வாத்துக் கூட்டம் எதிரே வந்ததென்று நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றவன். பேருந்தில்தான் போகிறான், வருகிறான்.

இப்போது கேளுங்கள். அனுமதியை நீட்டிக்க மனு போட்டிருந்தான். எந்தப் புண்ணியவானோ உங்கள் வீடியோவைக் குடியேற்ற ஆபீசுக்கு அனுப்பி வைக்க, அறுபது மணி நேரம் வேலை செய்தது உண்மையா என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சரியான பதில் தராவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். பிள்ளைக்கு ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "அப்பாவ திட்டாதீங்க சித்தி, ஆசையில பேசிட்டாரு" என்கிறான். அவன் சொல்வான். எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் வாயைத் தைக்க இங்கிருந்து தையல் மெஷினை அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

ஆகவே கடிதம் கண்டதும் வீடியோவை அழிக்கவும். தொட்டியைச் சம்மட்டியால் உடைக்கவும். யாராவது லாரி எங்கே என்று கேட்டால், எருமை தின்றுவிட்டது என்று சொல்லவும்.

அக்காவுக்கு என் அன்பு. எருமைகளுக்கு ஆசி. உங்களுக்கு, வாகே குரு கொஞ்சம் மௌனத்தை அருளட்டும்.

இப்படிக்கு,
பல்லைக் கடித்தபடி,
ரேஷம் கௌர்

பி.கு.: அத்தான், சம்மட்டியைக் கீழே போடுங்கள். வீடியோவையும் தொடாதீர்கள். பிரீத்தின் கல்லூரியில் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கும் கொலீன் அம்மா இப்போதுதான் அதைப் பார்த்தாராம். "லாரி நிஜமாப்பா?" "இல்லீங்க, தண்ணித் தொட்டி." "அப்ப அறுபது மணி நேரமும் தொட்டிதானே?" என்று சிரித்தாராம். கடைச் சம்பளச் சீட்டோடு, நீங்கள் சொன்னது அத்தனையும் புளுகு என்பதற்கும் அத்தாட்சி வைத்தால் பிள்ளை தப்பிக்க நல்ல வழி உண்டாம். ஆகவே தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் தெரிய, பக்கத்தில் நீங்கள் நின்று ஒரு படம் எடுக்கவும். "நான் சொன்னது பொய், என் மகனுக்கு லாரி கிடையாது" என்று எழுதிக் கையெழுத்திடவும். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அதற்கு முத்திரை குத்த வேண்டும். சர்பஞ்சிடம் போங்கள். மனிதர் ரெண்டு தடவை குத்துவார்.