மூத்த கெண்டைகளின் பசியும் முதல் பந்தியும்

ரிங்லெட் என்ற சிற்றூருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் குளத்தில், சென்ற ஆண்டு கெண்டைகள் சரியாகச் சாப்பிடவில்லை. இதை ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கோயில் நிர்வாகக் குழுவைத் தெரியாது. கோயில் கூரை ஒழுகியபோது கூடாத குழு, மீன்கள் இரையைத் தொடவில்லை என்று கேட்டதும் அன்று மாலையே கூடியது. நானும் அதில் ஓர் அங்கத்தினன்.

"இது நம்ம கையில இல்லலா, மேல சொல்லணும்" என்றார் தலைவர் திருச்செல்வம். தேயிலை ஃபேக்டரியில் மேற்பார்வை பார்ப்பவர் அவர். எதையும் மேலே சொல்லிவிட்டால் பாதி தீர்ந்தது என்பது அவருடைய கொள்கை.

மேலிடத்திலிருந்து மீன் நல அதிகாரி புவனேஸ்வரன் வந்தார். குளத்தை ஒரு சுற்று சுற்றினார். தண்ணீரை உற்றுப் பார்த்தார். தண்ணீரும் அவரை உற்றுப் பார்த்தது.

"மீனுக்கு வயசு என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. தோட்ட ஆபீஸில் கணக்கு பார்த்த பழைய பெரிய கிராணி காலத்தில் விட்ட மீன்கள் என்று ஒருவர் சொன்னார்.

"அப்ப வயசாயிடுச்சு" என்று அதிகாரி தீர்ப்பளித்தார். நாங்கள் மெய்சிலிர்த்துப் போனோம். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தும் இது நமக்குத் தோன்றவில்லையே.

மறுவாரம் கோயில் மண்டபத்தில் திரை கட்டி அவர் விளக்கவுரை ஆற்றினார். மீனின் மூளையில் "சாப்பிடு" என்று சொல்லும் ரசாயனங்கள் உண்டாம். குடலில் "போதும்" என்று சொல்லும் ரசாயனங்கள் உண்டாம். வயது ஏற ஏற முன்னது இளைத்து, பின்னது கொழுத்துவிடுகிறதாம். எனவே மூத்த மீனுக்குப் பசி தெரியாது, பசி தெரியாததால் சாப்பிடாது, சாப்பிடாததால் இளைக்கும். இளைக்க விடக்கூடாது என்பதே அரசாங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

இதன்படி மூத்த கெண்டைகளுக்கு ஒரு திட்டம் வந்தது. அவித்த முட்டையும் பூசணியும் மசித்துச் சிறு சிறு உருண்டையாகக் கையால் ஊட்ட வேண்டும். இளைய மீன்கள் முந்திக்கொள்ளாமல் இருக்க நடுவில் வலை கட்ட வேண்டும். அருகில் நின்று உரக்கப் பேசக் கூடாது, மூத்தவை மனம் நோகும். குழு முறை வைத்துக்கொண்டு ஊட்டியது. பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டியறியாத திருச்செல்வம் குளத்தங்கரையில் குந்தி, "சாப்பிடுங்க, கொஞ்சம் சாப்பிடுங்க" என்று கெஞ்சியதை நானே கண்ணால் பார்த்தேன்.

அதோடு ரசாயனம் எங்கள் தோட்டத்தில் நாகரிகமாகிவிட்டது. மருமகள் வைத்த குழம்பு பிடிக்காத மாமனார், "என் குடல் போதும்னு சொல்லுதும்மா" என்றார். வேலைக்குக் கிளம்ப மனமில்லாதவர்கள் மூளையில் எதுவோ குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

இந்த அலையில்தான் திருவிழா வந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாச் சாப்பாட்டில் முதல் பந்தி, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூத்தவர்களுக்கு. அதிலும் முதல் இலை, ஆக மூத்தவருக்கு. சில வருஷங்களாக அந்த இலை ரஞ்சிதத்துக்கு. எழுபத்து நாலு வயது, முதுகு வளையும் வரை கொழுந்து பறித்தவர். மகன் சிங்கப்பூரில். லைன் வீட்டில் தானே ஆக்கித் தானே போட்டுச் சாப்பிடுகிறவர். இன்னொருவர் கையால் அவர் இலையில் சோறு விழுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

ஆனால் தானா ராத்தா டவுனிலிருந்து வரும் பிரமுகர்கள் ஆண்டுதோறும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, வடை ஆறிவிட்டது என்று முகம் சுளித்தார்கள். இந்தச் சிக்கலுக்கு அறிவியல் வழிகாட்டியது.

"அறுபது தாண்டினவங்களுக்குப் பசி தெரியாது. பசிக்காதவங்கள முதல்ல உட்கார வெச்சுப் பசிக்கிறவங்கள காக்க வெக்கிறது நியாயமா?" என்று கேட்டார் திருச்செல்வம். மூத்தோர் இனிமேல் கடைசிப் பந்தி என்று ஏகமனதாக முடிவாயிற்று. என் கையும் உயர்ந்தது.

செய்தி கேட்ட ரஞ்சிதம் நேரே குளத்தங்கரைக்கு வந்தார். அங்கே புவனேஸ்வரன் ஒரு கெண்டைக்கு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். திருச்செல்வம் தட்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொரே, வயசானா பசி தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"நான் சொல்லலம்மா. ஆராய்ச்சி சொல்லுது."

"இந்த மீனுக்கும் பசி தெரியாதா?"

"தெரியாது. அதனாலதான் பார்த்துப் பார்த்து ஊட்டுறோம்."

"மீனுக்குப் பசி தெரியலைன்னா கூப்பிட்டு ஊட்டுறீங்க. எனக்குத் தெரியலைன்னா எலைய எடுத்துடுறீங்க. அது எப்படி?"

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

"மீனுக்கு ஒதுக்கீடு இருக்கும்மா" என்றார்.

"அக்கா, இதெல்லாம் பெரிய விஷயம், நமக்குப் புரியாதுலா" என்று திருச்செல்வம் சமாதானம் சொன்னார். "சோறு இல்லைன்னு சொன்னோமா? கடைசியில சாப்பிடுங்க."

திருவிழா நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் புவனேஸ்வரன் அறுபது நிறைந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் புதுப் பூப்போட்ட பத்திக் சட்டை போட்டுக்கொண்டு, பிரமுகர்களுக்கு விழுவது போலத் தனக்கும் மாலை விழும் என்று கழுத்தைச் சற்று முன்னால் நீட்டியபடி மண்டபத்துக்குள் நுழைந்தார். முதல் இலையில் அவர் பதவிக்கு வந்திருந்த யுவனேஸ்வரி உட்கார்ந்திருந்தார். மாலை அவர் கழுத்தில் கிடந்தது.

திருச்செல்வம் ஓடி வந்தார். "சார், உங்களுக்கு அறுபது ஆயிடுச்சுல்ல?"

"ஆமா, போன வாரம்."

"அப்ப வெளியில மூத்தோருக்குப் போட்ட கூடாரத்துல உட்காருங்க சார். கடைசிப் பந்தி."

புவனேஸ்வரன் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"திருச்செல்வம், இந்தத் திட்டத்தையே கொண்டாந்தது நான்."

"அதனாலதான் சார். நீங்களே மீறினா மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

அவர் கூடாரத்தில் ரஞ்சிதத்துக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ரஞ்சிதம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பந்திகள் நடந்தன. பிரமுகர்கள் சூடான வடை சாப்பிட்டார்கள். அவர்களுடைய டிரைவர்கள் சாப்பிட்டார்கள். டிரைவர்களுக்குத் தெரிந்தவர்கள் சாப்பிட்டார்கள். நாங்களும் சாப்பிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தில் எல்லோரும் மண்டபத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்க, சமையற்கட்டில் அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கோயிலில் அப்போது மீதமிருந்தது மூத்த கெண்டைகளுக்கென்று எடுத்து வைத்த முட்டையும் பூசணியும்தான். அதைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

திருச்செல்வம் மைக்கை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். "மூத்தோர்களே, ஒரு சின்ன ஆய்வு. யாருக்காவது பசிக்குதா?"

"எனக்குப் பசிக்குது" என்றார் ரஞ்சிதம். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. எனக்குத் தொண்டையில் பாயசம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

தலைவர் புவனேஸ்வரன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவங்க."

அவர் காலியான அண்டாவைப் பார்த்தார். மண்டபத்தில் மாலையோடு நிற்கும் யுவனேஸ்வரியைப் பார்த்தார். பசிக்கிறது என்றால் திட்டம் பொய். பசிக்கவில்லை என்றால் வயிறு மட்டும்தான் பொய்.

"எனக்கு... அவ்வளவா இல்ல" என்றார்.

"அந்த அம்மா சொன்னதை சேர்த்துக்காதீங்க" என்று யுவனேஸ்வரி அறிவுறுத்தினார். "எல்லா ஆய்வுலயும் இப்படி ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்க."

மூத்தோர் எவருக்கும் பசியில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. நாங்கள் கைதட்டினோம். கூடாரத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மழையில் போனார்கள். சாப்பிடாமலே போனதால் முடிவு மேலும் உறுதிப்பட்டது. ரஞ்சிதம் புவனேஸ்வரனைப் பார்த்து, "வாங்க தொரே, வீட்டுல பழைய சோறு இருக்கு" என்றார். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே நடந்தார். ஆய்வுக்கு வெளியே நடந்தது என்பதால் அதை நாங்கள் கவனிக்கவில்லை.

அன்று மாலை குழு மீண்டும் கூடியது. அடுத்த திருவிழாவுக்குள் தலைவருக்கு அறுபது ஆகிறது என்பதால் வயது வரம்பு அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்டது. பொருளாளரின் மாமனாருக்கு எழுபது என்பது நினைவுக்கு வந்ததும், குழுவில் சொந்தம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு தரப்பட்டது. ஆக, இப்போது பசி தெரியாதவர்கள் குழுவில் ஆள் இல்லாதவர்கள் மட்டுமே.

எங்கள் குழுவிலிருந்து யாருமே பதவி விலகுவதில்லையே என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எனக்கு நன்றாகப் பசிக்கிறது. விலகினால், பசிக்கவில்லை என்று எனக்கும் கைதட்டிவிடுவார்கள்.