வில்கின்ஸ் துரையின் பதின்மூன்றாம் நாள்

கவெண்ட்ரி மாமாவுக்கு இங்கிலாந்தில் ஓர் உற்ற நண்பர் இருக்கிறார் என்று எங்கள் குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகள் நம்பியது. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடமே நம்பியது. வில்கின்ஸ் என்ற அந்த நண்பரை எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உண்டாக்கியவள் நான் என்பதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. பிறந்து வளர்ந்தது மும்பையில்; இங்கிலாந்தைக் கண்ணால் கண்டவரல்லர். ஆனால் இளவயதில் அவர் சுருக்கெழுத்தாளராக இருந்த கம்பெனியின் கடைசித் துரை, ஊர் திரும்பும்போது தன் காரை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, பச்சை நிறத் திறந்த கார். மனிதனை இவ்வளவு அவமரியாதையாக நடத்தும் வாகனத்தை வேறெந்த நாடும் செய்திருக்காது. இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பேருந்தின் புகைக்குழாயோடு நேருக்கு நேர் உரையாடலாம். வருடம் முழுவதும் மழை பெய்யும் தேசத்தார் அதற்குக் கூரை வைக்க மறந்து, பிறகு ஞாபகம் வந்து ஒரு கேன்வாஸ் துணியையும் பதினான்கு பொத்தான்களையும் கொடுத்திருந்தார்கள். பதினான்காவது பொத்தானை மாட்டுவதற்குள் மாட்டுங்காவில் மழை நின்று வெயில் வந்துவிடும்.

மாமாவுக்கு அது வாகனமன்று, வரலாறு.

"யுத்தம் முடிஞ்சு இங்கிலாந்து கையில காலணா இல்லாம நின்னுதுடீ. இந்த மாதிரிக் குட்டி வண்டிகளை அமெரிக்காவுக்கு வித்துத்தான் நிமிர்ந்தது. அங்கேர்ந்து வந்த சோல்ஜரெல்லாம் இதுல ஒரு ரவுண்டு போனான். ஊருக்குத் திரும்பியும் மறக்க முடியலே அவனுக்கு!"

"ஏன் மாமா, முதுகுவலியா?"

"உனக்கு என்ன தெரியும்? உள்ளே பூரா மரச்சட்டம். தச்சன் கையால இழைச்சது."

"அப்போ கட்டில்னு சொல்லுங்கோ."

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு காலையில், தாழ்ந்த கதவின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி வரும்போது, தரை அத்தனை அருகில் ஓடுவதால் முப்பது கிலோமீட்டர் வேகமே நூறாகத் தோன்றும். சாலையின் ஒவ்வொரு வளைவும் இடுப்பில் தெரியும். சாலையின் ஒவ்வொரு குழியும் அங்கேதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் செம்பூரில், பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு முறிந்தது. தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரன் சுலைமான்தான் மாமாவின் மெக்கானிக். அடுத்த நாளே ஒரு தண்டு கடைந்து கொண்டுவந்தான். மாமா அதைத் தொடவே இல்லை. "தாராவி இரும்பை என் வண்டியில ஏத்தறதா?" என்றார். வண்டி எட்டு மாதம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மாமா தினமும் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மெலிந்துகொண்டே வந்தார்.

சுலைமான் என்னிடம் வந்தான். "அக்கா, ஒரு பெட்டியில போட்டு, சீமையிலேர்ந்து வந்ததா இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. எம் மச்சான் கப்பல்ல வேலை பாக்கான். அவன் கொண்டாந்தான்னு சொல்லிருதேன்."

வில்கின்ஸ் பிறந்தார். பழைய வண்டியைப் போற்றும் அன்பரிடம் விலை கேட்பது தகாது என்று எழுதினார். (விலையைச் சுலைமான் பொருத்தும் கூலியில் சேர்த்துக்கொண்டான்.) மாமா அதே தண்டை எடுத்து முகர்ந்தார். "இதுதாண்டீ இங்கிலீஷ்காரன் கைவேலை! வாசனையைப் பாரு!" அது சுலைமான் தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெயின் வாசனை.

பன்னிரண்டு ஆண்டுகளில் வண்டியின் பாதி உறுப்புகள் 'கவெண்ட்ரியிலிருந்து' வந்து சேர்ந்தன. மச்சானிடம் சேர்க்கச் சொல்லி மாமா சுலைமானிடம் கொடுத்த பதில்கள் கப்பலேறாமல் என் அலமாரிக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதினேன். எழுபத்து நான்காம் வயதில் அவர் பாஸ்போர்ட் வாங்கினார்.

"வில்கின்ஸை ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன். அவருக்குத் தேன்குழல் பிடிக்குமோ?"

அன்று மாலையே சுலைமான் ஓடிவந்தான். "பெரிய லஃப்டா ஆயிருச்சுக்கா. டிக்கெட் எடுக்கப் போறாவளாம். அங்க போயி எந்தக் கதவைத் தட்டுவாவ?"

"உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா வண்டிய விட்டு எறங்கிருவாவ. பொறவு ஏறவே மாட்டாவ. திரும்ப அந்த ஸ்டூல்ல போயி உக்காருவாவ." கொஞ்சம் யோசித்தான். "பேசாம துரையை முடிச்சிருவோம்."

"எப்படி?"

"தூக்கத்துல. பாவம், நல்ல மனுசன்."

வில்கின்ஸின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவதாக மரணச் செய்தியை எழுதினேன். அதில் ஒரு பிழை செய்தேன்: துயரம் கூடட்டும் என்று, அவருக்கு மனைவி மக்கள் இல்லை என்று சேர்த்துவிட்டேன். மாமா கடிதத்தை இருமுறை படித்தார். எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை இல்லாத மனுஷன். யார் செய்வா அவருக்கு?"

"வெள்ளைக்காரனுக்கு எள்ளாடா இறைப்பா?" என்று அம்மா அலறினாள்.

"பன்னெண்டு வருஷம் கேக்காம குடுத்தான் அக்கா. நம்மாத்துல யார் குடுத்தா?"

அழைத்துவந்த வாத்தியார் மிரண்டுபோனார். "கோத்திரம்?" என்றார்.

"கவெண்ட்ரி."

"தெரியலேன்னா காச்யபம்னு சொல்றது வழக்கம்" என்று அவர் சமாளித்தார். இவ்வாறு வில்கின்ஸ் துரை காச்யப கோத்திரத்தவரானார். பன்னிரண்டு நாள் மாமா சவரம் செய்யவில்லை, வண்டியைத் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள், துரையின் பெட்டிகளை மச்சான் மூலம் கொண்டுவந்து சேர்த்தவன் என்ற முறையில் சுலைமானைச் சாப்பிட அழைத்தார். கொலைகாரன் இலையில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டான். நான் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் தண்ணீர் பம்ப் போயிற்று. "துரையும் இல்லே. இனி அவ்வளவுதான்" என்று மாமா தார்ப்பாயை எடுத்தார்.

"நான் செஞ்சு தாரேன் சார்" என்றான் சுலைமான்.

மாமா தார்ப்பாயைக் கீழே வைத்தார். இரண்டு நாளில் அவன் கொண்டுவந்த பம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லே. வில்கின்ஸ் பக்கத்துல நிக்க முடியாது. இருந்தாலும் மாட்டு."

வாசலில் சுலைமான் என்னிடம் பொருமினான். "பாத்தியளாக்கா, செத்தும் என்னைய ஜெயிச்சிட்டான்!"

மாமா அதன்பின் நான்கு ஆண்டுகள் தாராவி இரும்பை வாய் ஓயாமல் இகழ்ந்துகொண்டே அந்த வண்டியை ஓட்டினார். எனக்கு மட்டும் கடிதங்கள் நின்றுபோயின. துரையைக் கொன்றதில் எனக்கு நேர்ந்த நஷ்டம் அது. அவற்றில் ஒன்றில் மாமா துரைக்கு எழுதியிருந்தார்: என் அக்கா மகள் இந்த வண்டியைப் பழிக்காத நாளில்லை, ஆனால் பழிப்பதற்காகவாவது தினமும் படியிறங்கி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள்.

மாமா போய் ஓராண்டாகிறது. வில்கின்ஸுக்காக வருந்தக்கூடியவர்கள் என்று இப்போது சுலைமானும் நானும்தான் இருக்கிறோம்.