ப்ரூஃப் சார் நம்பி வாங்கிய மூன்று டிக்கெட்

ப்ரூஃப் சாரைவிடப் பெரிய சந்தேகப் பிராணி பெங்களூரில் பிறந்ததில்லை. எங்கள் ஆபீஸ் ஸ்டோருக்கு அவர்தான் இன்சார்ஜ். புதுப் பேனா கேட்டுப் போனால், பழையது தீர்ந்துவிட்டதற்கு “ப்ரூஃப் இருக்கா?” என்பார், அவர் கண்ணெதிரே கிறுக்கிக் காட்ட வேண்டும். ஊரிலிருந்து சொந்தத் தம்பி புது நம்பரில் கூப்பிட்டபோது, சின்ன வயதில் தன்னைக் கடித்த நாய் என்ன நிறம் என்று கேட்டாராம். தம்பி தப்பாகச் சொன்னதால் போனை வைத்துவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், பி.காம். இரண்டாம் வருஷம். அவளுக்குப் பிடித்த பாடகரின் கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிட்டது. வேறு வழி உண்டா என்று ப்ரூஃப் சார் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். நான் பெரிய ஆள் மாதிரி ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் தேடி, கையில் இருக்கும் டிக்கெட்டை விற்கிறேன் என்ற ஒருவனைப் பிடித்துக் கொடுத்தேன்.

ப்ரூஃப் சார் வழக்கம்போலத் தொடங்கினார். டிக்கெட் வாங்கிய மெயிலைக் காட்டச் சொன்னார், வீடியோ காலில் வரச் சொன்னார். அவனோ, இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று மெசேஜ் போட்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாரையும் இப்படியே சந்தேகப்பட்டா உங்க பொண்ணு வீட்லதான் சார் உக்காந்திருப்பா. அனுப்புங்க.”

அதற்குமேல் அவர் ப்ரூஃப் கேட்கவில்லை. பிறகு மூன்று டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். மூன்றாவது எனக்காம்.

அரங்க வாசலில் ஸ்கேன் செய்த பெண், இந்த மூன்றிலும் ஏற்கெனவே ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள் என்றாள். அதே டிக்கெட்டுகளை அவன் பலருக்கு விற்றிருந்தான். அவன் போன் அணைந்திருந்தது. மதில் ஓரம் நின்று இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

திங்கட்கிழமை, செய்த தப்பைச் சரிக்கட்ட, பணம் அனுப்பிய ஆப்பின் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடிக் கொடுத்தேன். எடுத்தவன் வேறு ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னான். இறக்கலாமே என்றேன் நான். ப்ரூஃப் சார் சட்டென்று போனை வைத்தார்; அது போலி நம்பர், அவனும் திருடனாம். பிறகு பணம் அனுப்பிய ஆப்பிலேயே இருந்த உதவிப் பக்கத்தில் புகார் பதிந்தார். பேங்குக்கும் சைபர் போலீஸுக்கும் எழுதினார். அவர் அடுக்கிய ஆதாரங்களைப் பார்த்த போலீஸ்காரர், “ஏன் சார், நீவு லாயரா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டார்.

பேங்கிலிருந்து ஒரு பெண் விசாரித்தார். நீங்களாக அனுப்பினீர்களா, யாராவது அனுப்பச் சொன்னார்களா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“நானாத்தாம்மா அனுப்பினேன். யாரும் சொல்லல.”

ரகசிய பின் நம்பரை அவரே போட்டிருந்ததால் பேங்க் பொறுப்பேற்கவில்லை. பணமும் அந்தக் கணக்கிலிருந்து எங்கோ போய்விட்டிருந்தது. சில மாதம் கழித்து, புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. பணத்தை நான் தருகிறேன் என்றேன்; வாங்கவில்லை. அவசரப்படுத்தியது நான்தான் என்று மகளிடமாவது சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேணாம்பா. அவ உன்ன அண்ணான்னு கூப்புடுறா. அது அப்படியே இருக்கட்டும்.”

அத்திபெலே கிளைக்கு அவர் மாறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பண்டிகைக்குத் தவறாமல் போன் செய்து “அண்ணா” என்பாள். பேசிக்கொண்டே, பின்னால் அவர் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.